கோட்டை மியூசியத்தைக் கட்டடமாகப் பார்க்க வேண்டும்: சிவில் மாணவர்களோடு அரை நாள், எந்த வரிசையில் போவது?

வண்ணை சிவில் எழுதியது:

வணக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து பாலிடெக்னிக் சிவில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 14 பேரை செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கு அழைத்துப் போகிறோம். வாள், துப்பாக்கி, நாணயம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கட்டடமே பாடமாக அமைவது. என்ன பாணி, எதனால் கட்டினார்கள், பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும்போது எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய சமக்கூரை) பற்றிப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் இல்லை.

கையில் டேப், நோட்டு, போன் மட்டும். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எதைத் தவறவிடக் கூடாது, அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோட்டைவாசல் எழுதியது:

முதலில் நாளைச் சரியாகப் பிடியுங்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள்ளேயே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி அதிகம், அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள். கல்லூரி அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். மியூசியம் இந்தியத் தொல்லியல் துறையுடையது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் கட்டணம் இல்லை, உங்கள் மாணவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். போனில் படம் எடுப்பதென்றால் பிளாஷ் போடக் கூடாது. முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். டேப் வைத்து அளக்கப் போவதைக் கல்லூரிக் கடிதத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டால் உள்ளே யாரும் தடுத்துக் கேட்கும் நிலை வராது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அடுத்தது உயர் நீதிமன்றம். அங்கே இறங்கி நடந்துவிடலாம்.

டிக்கெட் வாங்கியதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். கால் மணி நேரம் வெளியே நின்று முகப்பைப் பாருங்கள். கட்டடம் 1795இல் முடிந்தது. கீழே மெட்ராஸ் வங்கி, மேலே வணிகர்களும் தரகர்களும் கப்பல் தலைவர்களும் கூடி விலை பேசிய எக்ஸ்சேஞ்ச் கூடம். 1796இல் இதன் உச்சியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது, தேங்காய் எண்ணெய் விளக்குகளோடு. பிறகு ராணுவ அதிகாரிகளின் மெஸ். 1948இல் மியூசியம். இந்த வரலாற்றை வாசலிலேயே சொல்லிவிட்டால், மாடியில் ஏன் அவ்வளவு நீளமான கூடம், ஏன் இடையில் சுவர் இல்லை, எடை எல்லாம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்ற கேள்விகளை மாணவர்களே கேட்பார்கள்.

முகப்பில் இரண்டு இடங்களை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை, அடுத்து கைப்பிடிச் சுவர். பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்குள் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளிலிருந்துதான். கீழே மண்ணிலிருந்து ஈரம் ஏறும், மேலே மழைநீர் இறங்கும். நடுச்சுவர் நல்லபடியாக இருந்து இந்த இரண்டும் உரிந்திருந்தால் நோய் சுவரில் இல்லை, வடிகாலில் இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே நுழைந்ததும் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலை. லண்டனில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கி 1800இல் இங்கே வந்தது. பீடத்தில் திப்புவின் மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. சிவில் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த எடையை மாடியில் வைத்திருக்க முடியுமா?

அளவெடுப்புக்கு இரண்டு வேலை போதும். சுவர்க் கனத்தை ஜன்னல் பக்கவாட்டில் அளங்கள். கீழ்த்தளத்திலும் மாடியிலும் அளந்து ஒப்பிட்டால் மேலே போகப் போகக் கனம் குறைகிறதா என்பது தெரியும். அடுத்தது மாடி உயரம். படிகளில் மூன்றை அளந்து சராசரி எடுத்து, மொத்தப் படி எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஏணி வேண்டாம், எதையும் தொட வேண்டாம்.

மேல் மாடிகளில் ஓவியமும் அச்சுப் படங்களும் இருக்கும். ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் வரைந்த மெட்ராஸ் காட்சிகள் முன்னால் நிறுத்தி நேரம் கொடுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நகரத்துக் கட்டடங்கள் எவ்வளவு வெள்ளையாக, தூண்கள் எவ்வளவு மெருகாக இருந்தன என்பது அதில் தெரியும். அது பெயின்ட் இல்லை, தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. தூணைப் பார்த்துக் கல் என்று நினைப்பார்கள். இங்கே பெரும்பாலும் உள்ளே செங்கல்தான்.

மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அடுத்து அதே வளாகத்தில் செயின்ட் மேரிஸ் தேவாலயம். 1678இல் தொடங்கி 1680 அக்டோபரில் அர்ப்பணித்தது. அதன் கூரையில் மரமே இல்லை: செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த அரைவட்ட வளைவுகள், ஏறக்குறைய இரண்டடி கனம். வெளிச்சுவர் நான்கடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது. வளைவுக் கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலை அடக்கத்தான் இவ்வளவு கனச் சுவர். கட்டை போட்ட சமக்கூரை கீழ்நோக்கி மட்டுமே எடை தரும். இந்த இரண்டு கூரைகளையும் ஒரே காலையில் பார்த்துவிட்டால், வகுப்பில் பல மணி நேரம் விளக்குவது மிச்சம்.

சட்டமன்றக் கட்டடத்தின் கருங்கல் தூண்களை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஊர் விழுந்த பிறகு ஆங்கிலேயர்கள் மீட்டு வந்தார்கள். அந்தப் பக்கம் பொதுமக்கள் போக முடியாது என்பதால் வாயால் சொல்லிக் கடந்துவிடுங்கள்.


காரைக்கலவை எழுதியது:

மெட்ராஸ் டெரஸ் பத்தி நான் சொல்றேன் சார். கோட்டைவாசல் அண்ணன் சொன்ன கட்டை போட்ட சமக்கூரைதான் அது. மேல கட்டை வரிசை வெளியில தெரியுற அறை எதுவானாலும் பசங்களை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டை, ஒண்ணுக்கொண்ணு ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி. அதுக்கு மேல டெரஸ் செங்கல். வீடு கட்டுற செங்கல் இல்லை இது, சின்னது: 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனம். படுக்க வைக்க மாட்டாங்க. குத்துக்கல்லா நிறுத்தி, மூலைவாட்டத்துல வரிசை வரிசையா சுண்ணாம்புக் காரையில ஒட்டிக்கிட்டே போவாங்க. அடியில பலகையும் கிடையாது, முட்டும் கிடையாது. ஒவ்வொரு கல்லும் முன்னாடி வெச்ச கல்லைப் பிடிச்சுதான் நிக்கும். அதனால காரை தண்ணியா இருந்தா வேலை நடக்காது, கெட்டியா இழுத்துப் பிடிக்கணும். மூலைவாட்டமா போறதால இணைப்பு எதுவும் கட்டையோட நேர்கோட்டுல விழாது, விரிசல் விட்டாலும் நீளமா ஓடாது.

செங்கல் வரிசை இறுகினதும் அதுக்கு மேல செங்கல் ஜல்லிக் காங்கிரீட் 3 அங்குலம். ரெண்டரைப் பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் காரை. இதை மட்டக்கட்டையால அடிக்கிறதுதான் முழு வேலையும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, குறைஞ்சது ஏழு நாள் அடிக்கணும். எப்போ நிறுத்தலாம்னா, அடிச்ச இடத்துல தடம் விழக்கூடாது, கட்டை துள்ளி எழும்பணும். மூணு நாள்ல நிறுத்திட்டா உள்ள காத்துக்குழி நிக்கும், முதல் மழையில தண்ணி அங்கதான் தங்கும். இந்த அடியிலேயே வாட்டமும் கொடுத்துடணும், 10 அடிக்கு 2 அங்குலம். கடைசியா தட்டோடு (தட்டையான ஓடு), இணைப்பு மாத்தி மாத்தி, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையில.

சுர்க்கின்னா செங்கல் தூள். வெறும் சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துதான் மெல்ல மெல்ல இறுகும், கனமான இடத்துல உள்ள வரைக்கும் அது போய்ச் சேர மாசக்கணக்குல ஆகும். செங்கல் தூள் சேர்த்தா ஈரத்துலயே இறுகும். ரொம்பக் கருகின செங்கல்லை அரைச்சா அந்தக் குணம் வராது.

பளபளப்புப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி எடுத்தது இந்தப் பக்கத்துல பேர் போனது. மூணு பூச்சு: முதல்ல மணல் சேர்த்துக் கரடா அரை அங்குலம், அப்புறம் சலிச்ச நைசு, கடைசியில மணலே இல்லாம வெண்ணெய் மாதிரி அரைச்ச சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்ததா பழைய குறிப்புகள்ல இருக்கு. தேய்க்கத் தேய்க்க மேல ஈரம் கசியும். அதை மாக்கல் தூள் போட்ட துணியால ஒத்தி எடுத்து மறுபடியும் தேய்க்கணும். கசியுறது நிக்கிறதுக்கு முன்னாடி கையை எடுத்துட்டா ஊசிக்கண் மாதிரி ஓட்டை விழும், அழுக்கு அதுலதான் ஏறும். மெருகு பிடிச்ச தூணுக்குப் பக்கவாட்டுல வெளிச்சம் விழும்படி நின்னு பார்த்தா இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.


வண்ணை சிவில் எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி கோட்டைவாசல் சார். இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கோட்டையிலிருந்து கிளம்பி வடக்கே வீடு திரும்பும் வழியில் வேறு எந்தக் கட்டடங்களைச் சேர்க்கலாம்? பாரம்பரியக் கட்டடச் சட்டம் பற்றியும் ஒரு வரி சொன்னால் நல்லது. இரண்டாவது, ஒரு மாணவரின் வீடு ராயபுரத்தில், இதே மெட்ராஸ் டெரஸ். கூரை ஒழுகுகிறது. மேலே ஒரு அங்குலம் சிமென்ட் தளம் போட்டு வாட்டர் புரூப்பிங் அடித்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறாராம். போடலாமா?


விளக்குத்தூண் எழுதியது:

வடக்கே போகும் வழியைக் கோக்க ஒரு நல்ல இழை இருக்கிறது: கலங்கரை விளக்கம். மியூசியத்தின் உச்சியில் 1796இல் எரிந்த விளக்கு அங்கேயே நிற்கவில்லை. 1844இல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் டோரிக் (பழைய கிரேக்க) பாணி கருங்கல் தூணுக்குப் போனது. 1892இல் நீதிமன்றக் கட்டடம் எழுந்து தூணை மறைத்தபின், 1894இல் அந்தக் கட்டடத்தின் உயரமான கோபுரத்துக்கே ஏறியது. 1977இல் மெரினா. முதல் மூன்று இடங்களும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன, மூன்றும் மூன்று கட்டுமான முறை: சுண்ணாம்புப் பூச்சு போட்ட செங்கல், செதுக்கிய கருங்கல், பூச்சே இல்லாத சிவப்புச் செங்கல். ஒரே வேலைக்கு நூறு ஆண்டுக்குள் பொருள் எப்படி மாறியது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நீதிமன்ற வளாகத்துக்குள் பாதுகாப்பு காரணமாகக் கூட்டமாக விடமாட்டார்கள், முன் அனுமதி வாங்கினால் மட்டுமே. வாங்க முடியாவிட்டால் சாலையிலிருந்தே நிறையப் படிக்கலாம். பிராசிங்டன் தொடங்கிய வரைபடத்தை ஹென்றி இர்வின் முடித்தார். இதை இந்தோ-சாராசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளின் கலவை) என்பார்கள். மாணவர்கள் அந்தப் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பூச்சு இல்லாத செங்கல் சுவரில் தவறை மறைக்க இடமில்லை, அதனால் செங்கல் ஒவ்வொன்றும் ஒரே அளவாக, இணைப்பு மெல்லியதாக இருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கே தெரியும் அந்த இணைப்புக் கோட்டை வரையச் சொல்லுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டபோது இந்த வளாகமும் அடி வாங்கியது.

அடுத்து அரண்மனைக்காரன் தெருவில் அர்மீனியன் தேவாலயம், இப்போதுள்ள கட்டடம் 1772. மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள், முன்னதாகப் போங்கள். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. உள்ளே ஆறு மணிகள். கனமான மணிகள் ஆடும்போது வரும் அதிர்வு தேவாலயச் சுவருக்குப் போகாது என்பதைக் கட்டுமான நோக்கில் சொல்லிக் கொடுக்கலாம். பாரிமுனையில் டேர் ஹவுஸ், 1940, ஆர்ட் டெகோ என்ற அந்தக் கால நவீன பாணி. சுண்ணாம்பை விட்டு நகரம் காங்கிரீட்டுக்கு வந்த காலம் அது. ஐந்து நிமிடம் போதும்.

வீட்டுக்குப் போகும் வழியில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. முகப்புத் தூண்களை மியூசியத் தூண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள்: உயரம் அடிக் குறுக்களவைப் போல எத்தனை மடங்கு? போனில் நேராக நின்று ஒரு படம், தூணின் பக்கத்தில் ஒரு மாணவர் அளவுகோலோடு. படத்திலிருந்தே விகிதம் கிடைத்துவிடும். நேரம் மிச்சமிருந்தால் பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் மாடிப் பூங்கா. 1758-59இல் பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம் அது. வடசென்னைப் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் இடம், மதில் என்று தெரியாமலே.

சட்டம் பற்றி. கோட்டை மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம். அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்த பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. இது 1958 சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம். தனியார் கட்டடங்களுக்கு வேறு வழி: அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வழக்கில் 2010இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் குழு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலை வைத்து வேலை செய்கிறது. மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012. மாணவர் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூரையில் கை வைக்க வேண்டும்.


காரைக்கலவை எழுதியது:

சிமென்ட் தளம் போடவே கூடாது சார். அந்தப் பையன் வீட்டுல இன்னைக்கே சொல்லிடுங்க.

ஒரு அங்குல சிமென்ட் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல. நூறு சதுர அடி அறைக்கு ஏறக்குறைய அரை டன் கூடுதல் எடை, அது மொத்தமும் பழைய கட்டை மேல. அடுத்து, சிமென்ட் வெயில்ல விரியுற அளவு வேற, கீழ இருக்கிற சுண்ணாம்புத் தளம் விரியுறது வேற. ரெண்டு கோடையில முடி விரிசல் வலை மாதிரி வரும். தண்ணி உள்ள போகும், ஆனா ஆவியா வெளிய வர முடியாது. மேல அடைச்சிருக்கிறதால கட்டையோட முனையில போய் நிக்கும். கட்டை அழுகுறது நடுவுல இல்லை, சுவருக்குள்ள சொருகின அந்த முனையிலதான். வெளிய பார்க்கக் கூரை புதுசா இருக்கும், உள்ள கட்டை மெத்துனு ஆகிட்டு இருக்கும். கடல் பக்கம்கிறதால உப்பு வேற.

செய்ய வேண்டியது இது. முதல்ல தூம்பு வாயைப் பாருங்க, அதாவது கூரைத் தண்ணி வெளிய போற வழி. இலை அடைச்சு, கைப்பிடிச் சுவர் ஓரத்துல தண்ணி தேங்கினாலே ஒழுகும். பாதிக் கூரைக்கு இதுதான் நோய். அடுத்து கைப்பிடிச் சுவரும் தளமும் சேருற மூலை. அங்க விரிசல் இருந்தா சுரண்டிச் சுத்தம் பண்ணி, நனைச்சு, சுண்ணாம்பு சுர்க்கிக் காரையில அரைவட்டமா மூலை கட்டணும். அரசங்கன்னு முளைச்சிருந்தா பிடுங்காதீங்க, வேர் கல்லையும் சேர்த்துப் பேத்துக்கிட்டு வரும். அடியோட வெட்டி, வேரைச் சாகடிச்சு, காஞ்சதும் அந்தச் சந்தை நிரப்பணும். அப்புறம் தட்டோட்டு இணைப்பு. காரை போன இடத்துல மட்டும் புதுக் காரை. தட்டினா டொக்குனு சத்தம் கேக்குற தட்டோட்டை மட்டும் எடுத்து மாத்துங்க.

சுண்ணாம்பு நீற்றி ரெண்டு வாரமாவது தண்ணிக்குள்ள ஊறி இருக்கணும். நீறாத கட்டி உள்ள இருந்தா அப்புறமா உப்பிப் பூச்சைத் தள்ளும். கொத்தனார் "சீக்கிரம் பிடிக்கட்டும்"னு ஒரு கை சிமென்ட் போடுவாங்க, கூட நின்னு தடுக்கணும். பூசினதும் ஈரச்சாக்கு போட்டு பத்து நாள் நனைக்கணும். வேலைக்கு ஏத்த மாசம் தை, மாசி. சித்திரை வெயில்ல பண்ணினா இறுகுறதுக்கு முன்னாடியே காஞ்சு பொடியாகும், ஐப்பசியில பண்ணினா மழை கரைச்சிடும்.

கட்டையைச் சோதிக்க உள்ளயிருந்து சுவர் ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் முனையால அழுத்திப் பாருங்க. நல்ல தேக்குல முனை நுழையாது. அரை அங்குலம் இறங்கினா அந்த முனை போச்சு, அப்போ கூரையைத் தொடறதுக்கு முன்னாடி முட்டு கொடுக்கணும். ஒரே கட்டைக்கு அடியில ஜாக்கி வைக்காம, நாலஞ்சு கட்டைக்குக் குறுக்கே ஒரு உத்திரம் கொடுத்து அதுக்கு அடியில வைக்கணும். நடுவுல தொய்வு இருந்தா சுவருக்குச் சுவர் நூல் கட்டி அளந்து எழுதி வையுங்க. பழைய தேக்கு கொஞ்சம் தொய்ஞ்சு பல வருஷம் அப்படியே நிக்கும். ஆறு மாசம் கழிச்சு அளந்தா கூடியிருந்தா மட்டும் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடணும். ஜாக்கி போட்டு ஒரே நாள்ல நிமிர்த்தப் பார்த்தா மேல இருக்கிற செங்கல் வரிசை மொத்தமா பிரிஞ்சிடும்.

பசங்களுக்கு வெளியில காட்ட ஒரு அடையாளம்: ஜார்ஜ் டவுன் தெருவுல நடக்கும்போது, பழைய சுண்ணாம்புச் சுவர்ல கீழ மூணு அடிக்குச் சாம்பல் நிற சிமென்ட் பட்டை போட்ட வீடு நிறைய வரும். அந்தப் பட்டைக்கு நேர் மேல வெள்ளையா உப்பு பூத்த கோடும், பொடியா உதிர்ற சுண்ணாம்பும் இருக்கும். கீழ அடைச்சதால ஈரம் மேல ஏறி அங்க வெளிய வந்திருக்கு. விரலால தடவினா கையில வெள்ளை ஒட்டும். மியூசியச் சுவர்ல மட்டும் கை வைக்க விடாதீங்க.


வண்ணை சிவில் எழுதியது:

மாணவர் வீட்டில் சொல்லிவிட்டேன், சிமென்ட் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தூம்பைத்தான் முதலில் பார்க்கப் போகிறார்கள். போவது ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவு: மியூசியம், செயின்ட் மேரிஸ், சாலையிலிருந்து நீதிமன்றம், அர்மீனியன் தேவாலயம், கடைசியில் ராயபுரம். நீதிமன்ற அனுமதிக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது.